ஓனர் கொடுத்தால்தான் உனக்கு: கிளார்க் – சேஃப்கோ வழக்கும் கான்ட்ராக்டரின் லீன் உரிமையும்

ஓனரிடமிருந்து பணம் வந்தால்தான் உனக்குப் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டால், வேலையை முடித்துக் கொடுத்த சப்-கான்ட்ராக்டர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதானா? கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1997-ல் இதற்கு 'இல்லை' என்று பதில் சொன்னது. வழக்கு, வில்லியம் ஆர். கிளார்க் கார்ப்பரேஷன் எதிர் சேஃப்கோ இன்சூரன்ஸ் கம்பெனி.

கலிபோர்னியாவில் மெயின் கான்ட்ராக்டருக்குக் கீழே எலக்ட்ரிகல், பிளம்பிங், டைல்ஸ், பெயிண்டிங் என்று ஒரு பகுதி வேலையை மட்டும் எடுத்துச் செய்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். வேலை செய்த பாக்கிக்காக அந்தக் கட்டடத்தையே பிணையாகப் பிடிக்கும் லீன் உரிமையை முன்கூட்டியே ஒரு கையெழுத்தில் யாரும் பிடுங்கிவிட முடியாது என்று அது சொல்கிறது. அதே சட்டம் தேதியைத் தவறவிட்டவருக்கு எந்தத் தயவும் காட்டாது. பணம் போன சப்-கான்ட்ராக்டர்களில் பலர் இரண்டாவது விஷயத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

நடந்தது என்ன

தொண்ணூறுகளின் தொடக்கம். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வணிகக் கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலையை கெல்லர் கன்ஸ்ட்ரக்‌ஷன் என்ற நிறுவனம் மெயின் கான்ட்ராக்டராக எடுத்தது. வேலையாட்களுக்கும் சப்-கான்ட்ராக்டர்களுக்கும் பணம் போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதமாக ஒரு பேமென்ட் பாண்ட் எடுக்கப்பட்டது. பாண்டைக் கொடுத்தது சேஃப்கோ. கெல்லர் தன் பங்குக்கு வேலையைப் பிரித்து, கிளார்க் உட்பட நான்கு சப்-கான்ட்ராக்டர்களிடம் கொடுத்தது.

கெல்லர் போட்ட சப்-கான்ட்ராக்டில் ஒரு ஷரத்து இருந்தது. ஓனரிடமிருந்து கெல்லருக்குப் பணம் வந்து சேர்வது, சப்-கான்ட்ராக்டருக்குப் பணம் கொடுப்பதற்கான முன்நிபந்தனை என்பது அதன் சாரம். ஓனர் கொடுக்காவிட்டால், கெல்லர் கொடுக்க வேண்டிய கடனே உருவாகாது. தொழிலில் இதை 'பே-இஃப்-பெய்டு' என்பார்கள்.

வேலை நடந்தது. நடுவில் ஓனர் நொடித்துப்போய்ப் பணம் கொடுப்பதை நிறுத்தினார். எங்களுக்கே வரவில்லை, உங்களுக்கு எப்படிக் கொடுப்பது என்று கெல்லர் ஷரத்தைக் காட்டியது. சப்-கான்ட்ராக்டர்கள் கட்டடத்தின் மீது லீன் பதிவு செய்தார்கள். பாண்டின் பேரில் சேஃப்கோவிடம் பணம் கேட்டு வழக்கும் போட்டார்கள். சேஃப்கோவின் பதில் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது: ஜாமீன் நிற்பவன், கடன்காரன் தர வேண்டியதைத்தான் தருவான். ஷரத்துப்படி கெல்லருக்குக் கடனே இல்லை. இல்லாத கடனுக்கு ஜாமீன் எதற்கு?

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

லீன் என்றால் என்ன, அது ஏன் இவ்வளவு பலமானது

தீர்ப்பைப் புரிந்துகொள்ள லீனின் அடிப்படை தெரிய வேண்டும். சப்-கான்ட்ராக்டருக்கும் ஓனருக்கும் நேரடி ஒப்பந்தம் கிடையாது. வழக்கமான ஒப்பந்தச் சட்டப்படி பார்த்தால், கெல்லர் தராத பணத்தை ஓனரிடம் கேட்க கிளார்க்குக்கு வழியில்லை. ஆனால் கிளார்க் போட்ட உழைப்பும் பொருளும் ஓனரின் சுவருக்குள் போய்விட்டன. கடை சாமானாக இருந்தால் திரும்ப எடுத்துக்கொண்டு வரலாம், சுவருக்குள் பதித்த பைப்பை எடுக்க முடியாது. அதனால் அந்தச் சொத்தையே பாக்கிக்குப் பிணையாக்குகிறது மெக்கானிக்ஸ் லீன். கவுன்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் அதைப் பதிவு செய்துவிட்டால், நம் ஊரில் வில்லங்கச் சான்றிதழில் அடமானம் தெரிவதுபோல, அந்தச் சொத்தின் டைட்டிலைத் தேடும் எவர் கண்ணிலும் படும். விற்பனை நிற்கும், ரீஃபைனான்ஸ் நிற்கும். கடைசிவரை போனால், நீதிமன்றம் சொத்தை ஏலம் விட்டுப் பாக்கியைத் தீர்க்கச் சொல்லலாம்.

அமெரிக்காவில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1791-ல், புதிய தலைநகரான வாஷிங்டனில் கட்டட வேலைகளுக்கு ஆட்கள் துணிந்து வர வேண்டும் என்று தாமஸ் ஜெஃபர்சனும் மற்றவர்களும் விரும்ப, மேரிலாந்து சட்டமன்றம் இப்படியொரு சட்டத்தை இயற்றியது. பிறகு ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று ஒன்றை எழுதிக்கொண்டது. கலிபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போய் 1879 அரசியலமைப்பிலேயே இந்த உரிமையைச் சேர்த்தது. இன்று அது ஆர்ட்டிகிள் 14, பிரிவு 3. மற்றக் கடன்காரர்களுக்கு எத்தனையோ வழிகள் இருக்கலாம், ஆனால் மாநில அரசியலமைப்பே கட்டளையிட்டு உருவாக்கியது இது ஒன்றுதான்.

இவ்வளவு பலம் நியாயமா என்று ஓனர்கள் கேட்காமல் இல்லை. நீதிபதி முன் ஒரு விசாரணைகூட இல்லாமல் என் சொத்தின் மீது பாரம் ஏற்றுவது முறையா என்று கானலி டெவலப்மென்ட் என்ற நிறுவனம் போட்ட வழக்கில், 1976-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் நீதிபதி டோப்ரினரின் தீர்ப்பின் மூலம் லீனைக் காப்பாற்றியது. லீன் பதிவானாலும் ஓனர் சொத்தில் குடியிருக்கலாம், பயன்படுத்தலாம். அந்த இடைஞ்சலை ஒரு தட்டிலும், உழைத்தவரின் கூலியை இன்னொரு தட்டிலும் வைத்து எடைபோட்டது நீதிமன்றம். எனக்கு இது சரியான தராசாகத்தான் படுகிறது. ஓனருக்கு வங்கி இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். வாரக் கூலி கொடுக்க வேண்டிய சின்ன சப்-கான்ட்ராக்டருக்கு அறுபது நாள் தாமதம் என்றாலே கடை மூடும் நிலைதான்.

அதேசமயம் ஓனரின் பக்கத்தில் உண்மையான ஒரு வலி இருக்கிறது. மெயின் கான்ட்ராக்டருக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்ட ஒரு வீட்டுக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கான்ட்ராக்டர் பணத்தோடு காணாமல் போனால், சப்-கான்ட்ராக்டரின் லீன் வீட்டின் மேல்தான் நிற்கும். ஒரே வேலைக்கு இரண்டு தடவை பணம் கட்ட வேண்டி வரும். பேமென்ட் பாண்ட் இங்கேதான் உள்ளே வருகிறது. வேலை தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தையும், ஒப்பந்தத் தொகையில் குறைந்தது பாதிக்கான பாண்டையும் ஓனர் பதிவு செய்துவிட்டால், மெயின் கான்ட்ராக்டருக்குத் தர வேண்டிய தொகைக்கு மேல் லீன் ஓனரைத் தொடாதபடி நீதிமன்றம் வரம்பு கட்டும். மீதிக்குச் சப்-கான்ட்ராக்டர் பாண்டிடம் போக வேண்டும். அந்த பாண்ட் கம்பெனியே 'கடனே இல்லை' என்று கையை விரித்தால், ஏற்பாடு முழுவதும் சரிந்துவிடும். சேஃப்கோவின் வாதத்தில் ஒளிந்திருந்த ஆபத்து அதுதான்.

நீதிமன்றம் எப்படி யோசித்தது

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கெனார்ட். அவர் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு சட்ட விதி. அப்போதைய சிவில் கோட் 3262-ஆம் பிரிவின்படி, லீன் உரிமையை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே விட்டுக்கொடுக்கச் செய்வது செல்லாது. பணம் வாங்கும் நேரத்தில், சட்டம் வகுத்த படிவத்தில் எழுதிக் கொடுத்தால்தான் விட்டுக்கொடுத்ததாகும். இன்று அந்த விதி 8122-ஆம் பிரிவில் இருக்கிறது.

சரி, கெல்லரின் ஷரத்தில் லீன் என்ற சொல்லே இல்லையே? நீதிமன்றம் சொல்லைப் பார்க்கவில்லை, விளைவைப் பார்த்தது. லீன் என்பது ஒரு கடனுக்கான பிணை. கடன் இல்லையென்றால் பிணைக்கு அர்த்தமில்லை. லீன் உரிமை மிகவும் தேவைப்படும் நேரம் ஓனர் பணம் கொடுக்காத நேரம்தான். ஓனர் கொடுக்காவிட்டால் கடனே இல்லை என்று சொல்லும் ஷரத்து, சரியாக அந்த நேரத்தில் லீனின் அடியை வெட்டிவிடுகிறது. வாசல் வழியாக நுழைய முடியாததை ஜன்னல் வழியாக நுழைய விடமாட்டோம் என்பதே முடிவின் பொருள். ஷரத்து பொதுக் கொள்கைக்கு விரோதமானது, செல்லாது. ஷரத்து போனதால் கெல்லரின் கடன் நின்றது. கடன் நின்றதால் சேஃப்கோவின் ஜாமீனும் நின்றது.

நியூயார்க்கின் உயர்ந்த நீதிமன்றமும் 1995-ல் வெஸ்ட்-ஃபேர் எலக்ட்ரிக் வழக்கில் இதே வழியில் போயிருந்தது. அந்தத் தீர்ப்பும் இங்கே துணைக்கு வந்தது.

மாற்றுக் கருத்து எழுதியவர் நீதிபதி சின். ஒப்பந்தச் சுதந்திரம் அவருடைய அடித்தளம். கையெழுத்துப் போட்டவர்கள் தொழில் தெரிந்த வணிகர்கள், ஓனர் நொடித்துப்போகும் அபாயத்தை யார் தாங்குவது என்று அவர்களே பேசி முடிவு செய்துகொள்ளலாம், அதைச் செல்லாது என்று சொல்வதானால் சட்டமன்றம்தான் சொல்ல வேண்டும் என்ற பார்வை அது. வாதமாகப் பார்த்தால் வலுவானதுதான். ஆனால் நடைமுறையில் சப்-கான்ட்ராக்டருக்கு வருவது பேசி முடிவு செய்யும் ஒப்பந்தம் இல்லை. நாற்பது, ஐம்பது பக்கத்துக்கு ஒரு பிடிஎஃப் வரும், திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பு என்று ஒரு மெயில் வரும். ஷரத்தை அடித்துத் திருப்பி அனுப்பினால் வேலை அடுத்தவருக்குப் போகும். ஓனரின் பணவசதியை விசாரிக்கக்கூடிய இடத்தில் இருப்பவர் மெயின் கான்ட்ராக்டர்தான். அபாயத்தை எடைபோட முடியாதவன் தலையில் அதைக் கட்டுவதை வெறும் பேரம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்தத் தீர்ப்பு 'பே-வென்-பெய்டு' ஷரத்தை ஒழிக்கவில்லை. ஓனரிடமிருந்து வந்தபின் தருகிறேன் என்று பணம் தரும் நேரத்தை மட்டும் தள்ளிவைக்கும் ஷரத்து அது. நியாயமான காலம் கழிந்தால், ஓனர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மெயின் கான்ட்ராக்டர் கொடுத்தாக வேண்டும்.

உரிமையை உயிரோடு வைத்திருப்பது

தீர்ப்பு கையில் இருக்கிறது என்று சும்மா இருந்தால் ஒன்றும் கிடைக்காது. பாண்ட் இல்லாத சாதாரண வேலையில் லீன்தான் கடைசிப் பிடி. அது காகிதத்தாலும் தேதியாலும் ஆனது.

முதல் காகிதம் ப்ரிலிமினரி நோட்டீஸ், அதாவது நான் இந்த வேலையில் இருக்கிறேன் என்ற முன்னறிவிப்பு. வேலை தொடங்கிய 20 நாட்களுக்குள் ஓனருக்கும், மெயின் கான்ட்ராக்டருக்கும், கட்டுமானக் கடன் கொடுத்த வங்கி இருந்தால் அதற்கும் அனுப்ப வேண்டும். யார் என்ன வேலை செய்கிறார், யாருக்காகச் செய்கிறார், எந்த இடம், மொத்தம் எவ்வளவு இருக்கும் என்ற உத்தேசத் தொகை, ஓனருக்குச் சட்டம் சொல்லும் எச்சரிக்கை வாசகம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். சர்ட்டிஃபைடு மெயில், ரெஜிஸ்டர்டு மெயில், ஓவர்நைட் கூரியர் அல்லது நேரில் கொடுப்பது என்று போக வேண்டும், போனதற்கான அத்தாட்சியும் கையில் இருக்க வேண்டும். ஓனரோடு நேரடி ஒப்பந்தம் உள்ள மெயின் கான்ட்ராக்டர் கடன் கொடுத்தவருக்கு மட்டும் அனுப்பினால் போதும். கூலிக்கு வேலை செய்யும் தொழிலாளிக்கு இந்த நோட்டீஸ் தேவையே இல்லை.

தாமதமானால் உரிமை முழுவதும் போய்விடாது, ஆரம்பத்திலிருந்து தேயும். மார்ச் 3-ல் வேலையை ஆரம்பித்து, ஏப்ரல் 10-ல் நோட்டீஸ் அனுப்பினால், அதற்கு 20 நாள் முன்னால், அதாவது மார்ச் 21-லிருந்து செய்த வேலைக்குத்தான் லீன் கிடைக்கும். அதற்கு முந்தைய வேலைக்குப் பிடி இல்லை. ஆரம்பத்தில்தான் பொருள் வந்து இறங்குவது அதிகம் என்பதால், அந்த இரண்டரை வாரம் பெரிய தொகையாக இருக்கலாம். நோட்டீஸ் அனுப்பினால் மெயின் கான்ட்ராக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்குபவர்கள் இன்னும் உண்டு. இங்கே இது வழக்கமான தபால். வங்கியும் ஓனரும் இதை எதிர்பார்க்கிறார்கள், யாரெல்லாம் வேலையில் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிவதே இதிலிருந்துதான்.

அப்புறம் லீனைப் பதிவு செய்யும் கெடு. வேலை முழுவதும் முடிந்த நாளிலிருந்து 90 நாட்கள். வேலை முடிந்தது என்று அறிவிக்கும் 'நோட்டீஸ் ஆஃப் கம்ப்ளீஷன்' ஒன்றை ஓனர் பதிவு செய்துவிட்டால் மெயின் கான்ட்ராக்டருக்கு 60 நாட்களாகவும் சப்-கான்ட்ராக்டருக்கும் பொருள் கொடுத்தவருக்கும் 30 நாட்களாகவும் சுருங்கும். ப்ரிலிமினரி நோட்டீஸ் கொடுத்தவர்களுக்கு ஓனர் 10 நாட்களுக்குள் அந்தப் பதிவைத் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால் கெடு சுருங்காது. சில சின்னக் குடியிருப்புகளுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு உண்டு. இப்படித் தகவல் வருவது நோட்டீஸ் அனுப்பியவருக்குக் கிடைக்கும் இன்னொரு பலன்.

பலரும் சிக்கும் இடம் ரிட்டென்ஷன். ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கைப் பிடித்துவைத்துக் கடைசியில் தருவது இங்கே வழக்கம். சப்-கான்ட்ராக்டரின் லாபமே பெரும்பாலும் அந்தத் தொகையில்தான் உட்கார்ந்திருக்கும். சட்டப்படி ஓனர் வேலை முடிந்த 45 நாட்களுக்குள் ரிட்டென்ஷனை மெயின் கான்ட்ராக்டருக்குத் தர வேண்டும். அவர் வாங்கிய 10 நாட்களுக்குள் சப்-கான்ட்ராக்டருக்குத் தர வேண்டும். இப்போது கணக்குப் போடுங்கள். ஜூன் 1-ல் வேலை முடிகிறது. ஜூன் 5-ல் ஓனர் நோட்டீஸ் ஆஃப் கம்ப்ளீஷன் பதிவு செய்கிறார். சப்-கான்ட்ராக்டரின் லீன் கெடு ஜூலை 5-ல் முடிகிறது. ரிட்டென்ஷன் மெயின் கான்ட்ராக்டருக்கே வர வேண்டிய கடைசி நாள் ஜூலை 16. உங்கள் கைக்கு வர வேண்டிய நாள் ஜூலை 26 வரை போகலாம். பணம் தாமதமானது என்று நீங்கள் உணரும் நாளில், லீன் செத்து மூன்று வாரம் ஆகியிருக்கும். 'இன்னும் பத்து நாளில் செக் ரெடி' என்ற வார்த்தை எவ்வளவு நல்ல மனதோடு சொல்லப்பட்டாலும் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. பாக்கி இருக்கிறதா, கெடு வருகிறதா, பதிவு செய்யுங்கள். பணம் வந்தபின் விடுவித்துக் கொடுப்பது ஒரு பக்க வேலை.

லீனில் கேட்கும் தொகையில் நேர்மை வேண்டும். வேலையின் நியாயமான மதிப்பு, ஒப்பந்த விலை, இரண்டில் எது குறைவோ அதுதான் வரம்பு. செய்யாத வேலையை வேண்டுமென்றே சேர்த்தால் லீனே பறிபோகலாம். ஓனருக்கு லீனின் பிரதியை அதற்குரிய அறிவிப்போடு அனுப்பி, அனுப்பியதற்கான உறுதிமொழியும் சேர்த்துத்தான் பதிவு செய்ய வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வேலை செய்தவருக்கு லீன் மட்டுமல்ல, பணம் கேட்கும் உரிமையே கிடையாது. வேலையின் நடுவே லைசென்ஸ் காலாவதியானாலும் இதே தலைவலிதான்.

பதிவோடு வேலை முடியாது. பதிவான 90 நாட்களுக்குள் லீனை நிறைவேற்றக் கேட்டு வழக்குப் போட வேண்டும். போட்ட 20 நாட்களுக்குள் வழக்கு நிலுவையில் இருப்பதற்கான 'லிஸ் பென்டென்ஸ்' அறிவிப்பையும் பதிவு செய்ய வேண்டும். 90 நாட்களுக்குள் வழக்குப் போடத் தவறினால் லீன் காலாவதி. காலாவதியானதை விலக்காமல் பிடிவாதம் பிடித்தால், ஓனர் நீதிமன்றத்துக்குப் போய் விலக்கிக்கொள்வார், அவருடைய வக்கீல் செலவும் உங்கள் கணக்கில் வரும்.

கையெழுத்து கேட்டு வரும் படிவங்கள்

கிளார்க் தீர்ப்பு தடுத்தது முன்கூட்டியே விட்டுக்கொடுப்பதை. பணம் வாங்கும்போது விட்டுக்கொடுப்பதற்கு சட்டமே நான்கு படிவங்களை வாசகம் சகிதம் எழுதி வைத்திருக்கிறது. இடைக்காலப் பணத்துக்கு இரண்டு, கடைசிப் பணத்துக்கு இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்று 'கண்டிஷனல்', இன்னொன்று 'அன்கண்டிஷனல்'. முதல் வகை, செக் வங்கியில் பாஸ் ஆனால்தான் செல்லும். இரண்டாவது, கையெழுத்துப் போட்ட நொடியிலேயே செல்லும். பணம் வராவிட்டாலும் இது உங்களைக் கட்டுப்படுத்தும், பணம் வரவில்லையென்றால் கண்டிஷனல் படிவத்தைப் பயன்படுத்துங்கள் என்று அந்தப் படிவத்தின் தலையிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

மெயின் கான்ட்ராக்டர் அலுவலகத்திலிருந்து மாதக் கடைசியில் வரும் பாக்கெட்டில் இந்த மாதத்துக்கு கண்டிஷனல், போன மாதத்துக்கு அன்கண்டிஷனல் என்று இரண்டு சேர்ந்து வருவது வழக்கம். அது சரியான முறைதான், போன மாத செக் உண்மையிலேயே பாஸ் ஆகியிருந்தால். படிவத்தில் பார்க்க வேண்டிய இடங்கள், 'த்ரூ டேட்' என்ற தேதியும் விலக்குகள் என்ற பகுதியும். எந்தத் தேதி வரைக்குமான வேலைக்கு உரிமையை விடுகிறீர்கள் என்பதை அந்தத் தேதி சொல்கிறது. பில் மே 31 வரைக்கும், படிவத்தில் ஜூன் 15 என்று இருந்தால், பில் போடாத இரண்டு வார வேலையையும் சேர்த்து விடுகிறீர்கள். சண்டையில் இருக்கும் எக்ஸ்ட்ரா வேலையை விலக்குகள் பகுதியில் தொகையோடு எழுதி வையுங்கள்.

ஓனர் நொடித்தால் லீன் மட்டும் போதுமா

கிளார்க் வழக்கில் பணம் கடைசியில் வந்தது பாண்டிலிருந்து. சொத்தில் வங்கியின் கடன் போக மிச்சம் ஏதாவது இருந்தால்தான் லீனுக்கு மதிப்பு. கலிபோர்னியாவில் லீனின் முன்னுரிமை, மொத்தத் திட்டத்தில் முதல் வேலை தொடங்கிய நாளுக்குப் பின்னோக்கிப் போகும். டிசம்பரில் வந்த டைல்ஸ்காரரின் லீனும், பிப்ரவரியில் மண் தோண்டிய நாளிலிருந்து கணக்கு. வங்கியின் அடமானம் அதற்குப் பிறகு பதிவாகியிருந்தால் லீன் முன்னால் நிற்கும். இதனால்தான் வங்கிகள் அடமானத்தைப் பதிவு செய்யும் நாளில் காலி மனையைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்கின்றன. பெரும்பாலும் வங்கியே முந்திவிடும்.

அப்போது கைகொடுப்பது ஸ்டாப் பேமென்ட் நோட்டீஸ். லீன் சொத்தைப் பிடிக்கிறது, இது இன்னும் செலவாகாத கட்டுமானக் கடனைப் பிடிக்கிறது. ஓனருக்குக் கொடுக்கலாம். கேட்கும் தொகையின் 125 சதவீதத்துக்கு ஒரு பாண்டையும் சேர்த்து வங்கிக்குக் கொடுத்தால், வங்கி அந்த அளவு பணத்தை நிறுத்தி வைத்தாக வேண்டும். கெடு லீனுடையதேதான். ஓனர் தடுமாறுகிறார் என்று முதல் வாடை வரும்போதே இதைச் செய்தவருக்குத்தான் ஏதாவது மிஞ்சும், ஏனென்றால் கடன் கணக்கில் பணம் தீர்ந்தபின் பிடிக்க ஒன்றுமில்லை. ஓனர் திவால் மனு போட்டுவிட்டால், லீன் வழக்கு அப்படியே நிற்கும். லீன் காலாவதியாகாமல் இருக்கத் திவால் சட்டத்தின் 546(பி) பிரிவின்படி அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இந்த இடத்தில் வக்கீல் இல்லாமல் ஓர் அடிகூட எடுக்காதீர்கள்.

தீர்ப்புக்குப் பிறகு

பே-இஃப்-பெய்டு செல்லாது என்றானதும் ஒப்பந்தம் எழுதுபவர்கள் பே-வென்-பெய்டை இழுக்கத் தொடங்கினார்கள். நியாயமான காலம் என்பது, ஓனர் மேல் நாங்கள் போடும் வழக்கு முடியும் வரைக்கும் என்று ஒரு வரி. 2020-ல் கிராஸ்னோ கன்ஸ்ட்ரக்‌ஷன் எதிர் டிராவலர்ஸ் வழக்கில் இந்த வரிதான் விசாரணைக்கு வந்தது. நார்த் எட்வர்ட்ஸ் தண்ணீர் மாவட்டம் என்ற பொது நீர் வழங்கல் அமைப்புக்கு ஆர்செனிக் நீக்கும் சுத்திகரிப்பு நிலையம் கட்டும் வேலை. மெயின் கான்ட்ராக்டர் கிளார்க் பிரதர்ஸ், முந்தைய கிளார்க்கோடு தொடர்பில்லாத வேறு நிறுவனம். கிராஸ்னோ எஃகுத் தொட்டிகள் கட்டிய சப்-கான்ட்ராக்டர். மாவட்டத்துக்கும் மெயின் கான்ட்ராக்டருக்கும் சண்டை வந்து வழக்கு ஓட, கிராஸ்னோவின் பணம் தொங்கியது. பாண்ட் கொடுத்த டிராவலர்ஸ், வழக்கு முடியும் வரை காத்திரு என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் கிளார்க் தீர்ப்பின் வழியிலேயே போய், முடிவு எப்போது என்று தெரியாத காத்திருப்பு பாண்ட் உரிமையைப் பறிப்பதற்குச் சமம், 8122 இதை அனுமதிக்காது என்றது. அரசுச் சொத்தின் மேல் லீன் ஏற்ற முடியாது என்பதால், பொதுப்பணியில் சப்-கான்ட்ராக்டருக்கு பாண்டும் ஸ்டாப் பேமென்ட் நோட்டீசும்தான் கதி. அந்த இடத்தில் வந்த தீர்ப்பு என்பதால் இதன் கனம் அதிகம்.

இந்தப் பாதுகாப்பு கலிபோர்னியா எல்லையோடு நின்றுவிடுகிறது. ஃபுளோரிடாவில் பே-இஃப்-பெய்டு வாசகம் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதப்பட்டிருந்தால் நீதிமன்றம் அதை அமல்படுத்தும். டெக்சஸிலும் சட்டம் வைத்த சில விலக்குகளுக்கு உட்பட்டு அது செல்லும். வெளிமாநில மெயின் கான்ட்ராக்டர் தன் ஊர்ப் படிவத்தோடு இங்கே வந்து, தகராறு வந்தால் எங்கள் ஊர் நீதிமன்றத்தில்தான் என்று ஒரு ஷரத்தைச் சேர்ப்பதுண்டு. கலிபோர்னியாவில் தலைமை அலுவலகம் உள்ள சப்-கான்ட்ராக்டர் கலிபோர்னியாவில் செய்யும் வேலைக்கு அந்த ஷரத்து செல்லாது என்று இங்குள்ள சிவில் நடைமுறைச் சட்டத்தின் 410.42-ஆம் பிரிவு சொல்கிறது. நெவாடாவிலோ அரிசோனாவிலோ வேலை எடுத்தால் அந்தப் பிரிவு கூட வராது. அங்கே நோட்டீஸ் எத்தனை நாளில், லீன் எத்தனை நாளில் என்பதை முதல் லாரி கிளம்பும் முன்பே அந்த மாநிலத்து வக்கீலிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.